நாற்பது எழுத்துருக்கள் பார்த்தும் பொருந்தவில்லையே? இசைத்தொகுப்பு அட்டை பற்றி ஒரு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாட்களாக என்னை விடவேயில்லை. படிக்கிறேன்: “ஐந்து பாடல்கள் கொண்ட என் முதல் இசைத்தொகுப்புக்கு நானே அட்டை வடிவமைக்கிறேன். தலைப்பு தமிழில், என் பெயர் ஆங்கிலத்தில். நாற்பது எழுத்துருக்களை வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை. நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.” கூடவே அட்டைக்காக எடுத்த புகைப்படத்தையும், அதை வெட்டிச் செய்த அட்டையையும் அனுப்பியிருக்கிறார்.

அந்த ‘நாற்பது’தான் என்னை உறுத்தியது. அவ்வளவு தேடியும் மனம் ஒப்பவில்லை என்றால், குறை எழுத்துருவில் இருக்குமா? அதைப் பிறகு பார்க்கலாம். கேட்டதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் எங்கே தொடங்குவேன் என்று தெரியும். ஆம், நகத்தளவு. அட்டையைக் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். 1948இல் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்தபோது அதன் பெரிய உறை ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் சதுரம். கையில் ஏந்திப் படிக்கலாம். குறுந்தகட்டில் அது 12 சென்டிமீட்டராகச் சுருங்கியது. இன்று 3000 பிக்சல் அகலத்தில் ஏற்றுகிறோம், ஆனால் கேட்கிறவர் கைபேசியில் பார்ப்பது அந்த நகத்தளவுதான். அங்கே படிக்க முடியாத எழுத்து எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

தமிழில் இந்தச் சோதனை இன்னும் கடுமையானது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பருக்கு ‘மனம்’ என்ற தலைப்பில் அட்டை செய்து கொடுத்தேன். மிகத் தடித்த எழுத்து. கணினித் திரையில் கம்பீரமாக நின்றது. கைபேசிக்குச் சுருங்கியதும் ‘ன’வின் சுழிகள் மை அடைத்ததுபோல் மூடிக்கொண்டன. இரண்டு சுழியா, மூன்று சுழியா என்று தெரியவில்லை. சிலர் ‘மணம்’ என்று படித்தார்கள். கல்யாணப் பாட்டுகள் என்று எண்ணி வாழ்த்து அனுப்பியவர்களும் உண்டு. அவை அந்த நண்பர் தாயை இழந்த ஆண்டில் எழுதிய பாடல்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதனாலேயே அது இன்னும் ஆறவில்லை.

ஆகவே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் தலைப்பில் உள்ள எழுத்துகளை மட்டும் பாருங்கள். மாதிரிப் பக்கத்தில் ‘அ’ அழகாக இருக்கலாம். உங்கள் தலைப்பில் ‘அ’ இல்லையே! சுழி திறந்திருக்கிறதா? புள்ளி கண்ணுக்குத் தெரிகிறதா? புள்ளி மறைந்தால் ‘கடல்’ என்பது ‘கடல’ ஆகிவிடும். ‘ர’வும் துணைக்காலும் பிரித்தறியும்படி இருக்கின்றனவா? எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும்போதும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் அகட்டி வைத்தால் ஒரு மிடுக்கு வரும். தமிழில் ‘கொ’ போன்ற எழுத்தின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று விலகி, ஒரே எழுத்து மூன்றாகச் சிதறிப்போகும்.

இரண்டு மொழிகளும் ஒன்றாக வருவதால் கேட்டமரான் எழுத்துருவை முயன்று பாருங்கள். பெயர் நம் கட்டுமரம்தான். ஒன்பது தடிமன்களில் தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பமாக வரையப்பட்டது, திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. உரிமத்தை அவசியம் படியுங்கள். ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று வரும் எழுத்துருவை விற்கும் தொகுப்பில் வைக்கக் கூடாது. ஒன்று சொல்கிறேன்: ஆங்கிலப் பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் வைத்தால், தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால், பக்கத்தில் தலைப்பு சிறுத்துத் தெரியும். அளவு எண்ணை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

இனி அந்த நாற்பதுக்கு வருகிறேன். எந்த எழுத்துரு என்று கேட்டீர்கள். தலைப்பு எங்கே உட்காரும் என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். 1940ஆம் ஆண்டை ஒட்டி, வெற்று உறைகளில் இசைத்தட்டு விற்ற காலத்தில், கொலம்பியா நிறுவனத்துக்காகப் படம் போட்ட அட்டைகளைத் தொடங்கிவைத்தவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். தம் முதல் அட்டைக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு நாடக அரங்கின் முகப்பில் விளக்கொளியில் இருந்த பெயர்ப்பலகையின் எழுத்துகளை மாற்றச் செய்து, தொகுப்பின் தலைப்பை அங்கே வைத்து, அதையே படம் பிடித்தார். எழுத்துதான் படம். பிற்காலத்தில் அவருடைய கையெழுத்தே அட்டைகளின் அடையாளமானது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. நாம் படத்தை முழுவதும் முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் தலைப்பை ஒட்டி, படிக்க முடியவில்லை என்று நிழல் போடுகிறோம்.

உங்கள் அட்டையிலும் அதுதான் நடந்திருக்கிறது. முகம் சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது, தலைப்பு தலைமுடியின் மேல் கிடக்கிறது. முடியின் மேல் கிடக்கும் தலைப்புக்கு எந்த எழுத்துரு கைகொடுக்கும்? ஆனால் வெட்டாத புகைப்படத்தைப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வலப்பக்கம் ஒரு வெற்றுச் சுவர் இருக்கிறது! மங்கிய மஞ்சள், மேலே ஜன்னல் வெளிச்சம். அதை வெட்டி எறிந்துவிட்டீர்களே!

அந்தச் சுவரைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தலைப்பை அதன்மேல் வையுங்கள். முடிந்தால் உங்கள் கையாலேயே ஒருமுறை தூரிகையில் எழுதிப் பாருங்கள். பிறகு நகத்தளவுக்குச் சுருக்கி எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.