கடைசிப் பக்கத்துக்குப் பின் தொடங்கும் பேச்சு

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

புதிதாக வெளியான ஒரு மிகுபுனைவு நாவலை அதன் ரசிகர்கள் கூடி விவாதிப்பதைப் பற்றி உரையாற்ற வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது மிகுந்த மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். ஃபேன்டசி என்று பேச்சுவழக்கில் நாம் சொல்லும் இவ்வகை நாவல்களை நெடுங்காலமாக வாசித்து வருபவன் நான். வாசித்து முடித்த கையோடு, அதை வாசித்த இன்னொருவரைத் தேடிப் பிடித்துப் பேசாமல் இருக்க முடியாதவனும்கூட. அந்தப் பேச்சை வாசிப்பின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன். பேசுகிறவர்கள் நூலின் பக்கங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகும்வரை அந்தப் பேச்சு வளர்கிறது என்பதும், பக்கத்தை விட்டு விலகிய நொடியில் அது வெறும் கட்சிச் சண்டையாகிவிடுகிறது என்பதும் நான் உறுதியாக நம்புகிற ஒன்று.

மற்ற நாவல்களை வாசிக்கும்போது ஒரு தெருவைப் பற்றியோ ஒரு சட்டத்தைப் பற்றியோ ஐயம் எழுந்தால், நூலுக்கு வெளியே போய்ச் சரிபார்த்துக்கொள்ள முடியும். மிகுபுனைவு உலகத்துக்கு அப்படி ஒரு வெளி இல்லை. அங்கே ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது, மந்திரத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டும், இறந்தவர் திரும்ப முடியுமா என்பவற்றுக்கெல்லாம் ஆசிரியர் எழுதிய வரிகளே ஒரே சான்று. மந்திரம் ஓதுகிறவரின் ஆயுளில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கிழவி சொல்லியிருக்க, முப்பதாம் அத்தியாயத்தில் இளவரசன் ஒருவன் தலைநரைக்காமல் ஒரு கோட்டை மதிலையே பெயர்த்து எறிகிறான் என்று வைத்துக்கொள்வோம். வாசகர் இருவர் உடனே மோதிக்கொள்வார்கள். ஆசிரியர் தம் விதியைத் தாமே மறந்துவிட்டார் என்பார் ஒருவர். விதியைச் சொன்னது கிழவிதானே, கதைசொல்லி அல்லவே, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது என்பார் மற்றவர். இருவரும் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, கிழவி அதை யாரிடம், எந்தச் சூழலில், என்ன நோக்கத்தோடு சொன்னாள் என்று பார்க்கும் அந்தக் கணத்தில்தான் உண்மையான விவாதம் தொடங்குகிறது. வரைபடம் இருக்கும் பக்கத்தில் ஒரு விரலையும், வாசித்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் இன்னொரு விரலையும் வைத்துக்கொண்டு, மலைக்கணவாயிலிருந்து துறைமுகத்துக்கு நான்கு நாளில் குதிரையில் போக முடியுமா என்று கணக்குப் போடுகிற வாசகர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் கவனத்தைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் கவனம் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் நூலில், ஒரு மந்திரக்கோல் தான் செய்த மந்திரங்களைக் கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழாக வெளிக்காட்டும் காட்சி வருகிறது. அந்த வரிசைப்படி, அந்தக் கோலால் பின்னால் கொல்லப்பட்ட ஹாரியின் தாயின் உருவம் முதலிலும், அவருக்கு முன்னால் கொல்லப்பட்ட தந்தையின் உருவம் அதன் பிறகும் தோன்ற வேண்டும். முதல் அச்சில் தந்தையின் உருவமே முந்தி வந்துவிட்டது. வாசகர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். சிலர் அதில் ஏதோ ரகசியம் ஒளிந்திருப்பதாக எண்ணி விரிவான ஊகங்களைக் கட்டினார்கள். சிலர் அது பிழையே என்றார்கள். பிழைதான் என்று தெளிவானது. பின்வந்த அச்சுகளில் வரிசை திருத்தப்பட்டது. ரகசியம் இருப்பதாக நம்பியவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் யோசித்தே வைத்திருப்பார் என்று நம்பி வாசிப்பதுதான் ஒரு நூலுக்கு வாசகர் செய்யக்கூடிய மரியாதை.

இதைவிட நீண்ட விவாதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ வரிசையில் ஐந்தாம் நூல் 1993இல் வந்தது. அதன் இறுதியில் ஆஸ்மோடியன் என்ற கதாபாத்திரம் அரண்மனைக்குள் நல்ல மது தேடிப் போய், ஒரு சிறிய கதவைத் திறக்கிறான். ஓர் அடி எடுத்து வைத்ததும் முகம் வெளிறி நின்றுவிடுகிறான். எதிரே இருப்பவரைப் பார்த்து, ‘நீயா? வேண்டாம்!’ என்ற பொருளில் இரண்டு சொற்கள் சொல்கிறான். அதற்குள் சாவு அவனைக் கொண்டுபோய்விடுகிறது. கொன்றவர் யார் என்று அந்த இடத்தில் சொல்லப்படவில்லை. அடுத்தடுத்த பாகங்கள் வந்துகொண்டே இருந்தன. விடை மட்டும் வரவில்லை. நூலிலேயே போதுமான குறிப்புகள் இருப்பதாக ஜோர்டன் சொல்லிவந்தார்.

வாசகர்கள் அந்தச் சில வரிகளை எப்படி வாசித்தார்கள் என்பதுதான் நான் வியக்கும் செய்தி. ‘நீயா’ என்று அவன் சொன்னதால், எதிரே நின்றவர் அவனுக்கு முன்பே அறிமுகமானவர். முகம் வெளிறியதால், அவன் அஞ்சத்தக்கவர். அங்கே எதிர்பாராத ஒருவரைக் கண்ட திகைப்பும் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆகவே எப்போதும் அரண்மனையில் நடமாடுகிறவராக இருக்க முடியாது. உடல் கிடைத்ததாகப் பின்னர் எவரும் பேசாததால், கொன்ற விதமும் ஆராயப்பட்டது. அவன் அங்கே இருப்பது யார் யாருக்குத் தெரியும், அந்த நாளில் யார் எங்கே இருந்தார்கள் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரட்டி ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே வந்தார்கள். 2007இல் ஜோர்டன் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் தொடரை எழுதி முடித்தார். 2010இல் வந்த பதின்மூன்றாம் நூலின் பின்னிணைப்பில், பெயர் விளக்கப் பட்டியலில், கொலையாளியின் பெயருக்கு நேரே போகிற போக்கில் விடை சொல்லப்பட்டிருந்தது. பதினேழு ஆண்டுக் கேள்விக்கு விடை ஒரு பட்டியலுக்குள் கிடந்ததில் சிலருக்கு மனக்குறைதான். என்னைப் பொறுத்தவரை, அந்தப் பதினேழு ஆண்டுகளில் அவர்கள் அந்தப் பக்கத்தை வாசித்த விதம் விடையைவிடப் பெரியது. யார் கொன்றார் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. இனிமேல் வாசிக்கப்போகிறவர்கள் நேயர்களில் இருப்பார்கள்.

அவர்களுக்காகத்தான் அடுத்ததாக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாரி பாட்டர் வரிசையின் கடைசி நூல் 2007 ஜூலை 21 அன்று வெளியானபோது, அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்றன. வெளியீட்டு நாளுக்கு முன்பே பக்கங்களின் புகைப்படங்கள் இணையத்தில் கசிந்திருந்தன. அன்று பலர், முடிவு காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இரவோடு இரவாக வாசித்து முடித்தார்கள். அது ஆசையின் வேகம் மட்டும் ஆகாது. பிறரிடமிருந்து தப்பிக்கும் வேகமும்கூட. எழுநூறு எண்ணூறு பக்க நாவலை வேலைக்குப் போய் வந்த நேரத்தில் நாளுக்கு முப்பது பக்கமாக வாசிக்கிறவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். அவருக்கு ஸ்பாய்லர், அதாவது கதையின் முடிவை முன்கூட்டியே, சொல்லிவிடுவது, அந்த ஒரு மாதத்தை அவரிடமிருந்து பறித்துக்கொள்வதற்குச் சமம். எந்த அத்தியாயம் வரை பேசலாம் என்று முதலிலேயே வரையறுத்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் நின்று பேசும் குழுக்களில் விவாதம் ஆழமாகவே இருக்கும். முடிவு தெரியாத நிலையில் வாசகர் என்ன எண்ணினார் என்பது பிறகு எவ்வளவு முயன்றாலும் திரும்பக் கிடைக்காத செய்தி. முந்திக்கொண்டு முடித்தவர்கள் அந்த இடத்தில் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் லாபம்.

முதல் வாரத்துத் தீர்ப்புகளைப் பற்றியும் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி நாவலுக்குப் பொருந்தாது. மிகுபுனைவு நாவலுக்குச் சிறிதும் பொருந்தாது. முதல் நூறு பக்கங்களில் பெயர்களும் குலங்களும் போர்களும் வந்து குவியும். எது முக்கியம் என்று அப்போது பிடிபடாது. அதைவிட முக்கியமானது, பல ஆண்டுகள் காத்திருந்த ரசிகர் தம் மனத்துக்குள் அடுத்த பாகத்தை முன்பே எழுதி முடித்திருப்பார் என்பது. அநாதைச் சிறுவன் அரச குலத்தவன் என்று அவர் ஊகித்திருப்பார். நாவலில் அவன் அநாதையாகவே இருப்பான். ‘ஏமாற்றிவிட்டார்’ என்று அவர் சொல்லும்போது, அந்த ஏமாற்றம் நூலால் வந்ததா, ஊகத்தால் வந்ததா என்று அவரே பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் முந்தைய பாகத்தில் உண்மையாகவே ஒரு வாக்குறுதி கொடுத்து மீறியிருந்தால், அந்த வரியைக் காட்டலாம். காட்டினால் அது வலுவான விமரிசனம். காட்ட வரி இல்லையென்றால், அந்தச் சிறுவன் ஏன் அநாதையாகவே விடப்பட்டான் என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

சுவை வேறுபாடு வேறு செய்தி. அதற்குத் தீர்வு தேட வேண்டியதே இல்லை. டோல்கீன் தம் ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், சிலருக்குக் குறையாகத் தோன்றும் பகுதிகளையே வேறு சிலர் தனியாகப் பாராட்டியிருப்பதைத் தமக்கு வந்த கடிதங்கள் வழியே அறிந்ததாக எழுதுகிறார். அந்த நூலின் முதல் வாசகர்களும் காத்திருந்து பேசியவர்களே. முதல் இரண்டு பாகங்கள் 1954 ஜூலையிலும் நவம்பரிலும் வந்தன; மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில்தான் வந்தது. பின்னிணைப்புகளை முடிக்க ஆன காலமும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். கதை மிக இக்கட்டான இடத்தில் நின்றிருக்க, பதினோரு மாதம் அவர்கள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

ரசிகர்களின் இந்த உழைப்பு ஆசிரியர்களுக்கே துணையாக நின்றதும் உண்டு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களில் வரும் வெஸ்டரோஸ் என்ற கற்பனை உலகத்தைப் பற்றிய செய்திகளை ரசிகர்களாகத் திரட்டிவந்த எலியோ கார்சியாவும் லிண்டா அன்டன்சனும், அந்த உலகின் வரலாற்றைச் சொல்லும் நூலில் அவரோடு இணை ஆசிரியர்களானார்கள்; அது 2014இல் வெளிவந்தது. யார் கண்ணின் நிறம் என்ன, எந்தக் குதிரை ஆண், எது பெண் என்பது போன்ற சிறு விவரங்களைக்கூடத் தவறவிடாமல் வாசிப்பவர்கள் அருகில் இருப்பது பல்லாயிரம் பக்கம் எழுதும் ஒருவருக்குப் பெரும் பலம்.

இப்போது புதிய நாவல் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் நேயர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முடித்த பின், விவாதத்துக்குப் போகும் முன், அதன் தொடக்க அத்தியாயத்தை மட்டும் மறுபடி வாசியுங்கள். முதல் வாசிப்பில் பெயரில்லாமல் வந்த காவலன் யார், அந்த முதியவர் ஏன் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார், எந்தக் கேள்விக்கு எவர் பதில் சொல்லாமல் நழுவினார் என்பவை எல்லாம் இப்போது வேறு பொருள் தரும். அவற்றில் உங்களுக்கு விளங்காத ஒன்றை, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதோடு குறித்துக்கொண்டு போய், மற்றவர்களிடம் முதல் கேள்வியாக வையுங்கள்.

நன்றி. வணக்கம்.