பீரோவுக்குப் பின்னால் ஒரு சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசிக் கடைசியில் வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நான் கட்டடப் பொறியாளர். மழை தொடங்கினால் இப்படி அழைப்புகள் வரும். "சார், படுக்கையறையில ஒரே மக்கின வாடை. தினமும் துடைக்கிறேன், எங்கேருந்து வருதுன்னே தெரியல" என்றார் அந்த வீட்டு அம்மா. தரை பளிச்சென்று இருந்தது. மூன்று பேர் சேர்ந்து பீரோவை ஒரு முழம் நகர்த்தினோம். பின்சுவரில் கரும்பச்சையாகப் பூஞ்சை, பீரோவின் அளவுக்கு அச்சு எடுத்ததுபோல. அந்த அறையில் தூங்கும் பையனுக்கு ஆறு வயது. மழைக்காலம் வந்தால் அவனுக்கு இழுப்பு வந்துவிடும்.

அவனுடைய இழுப்புக்கு இதுதான் காரணமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஓதம் ஏறிய வீடுகளில் வாழ்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது.

வீட்டுக் காற்று கெட்டுப்போகிறது என்றால் நமக்குத் தூசியும் புகையும்தான் நினைவுக்கு வரும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் முதலில் கவனிக்க வேண்டியது ஈரம். காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிக்கும் அப்படித்தான். நம் ஊரில் மழைக்காலத்தில் வெளிக்காற்றே 80-ஐத் தாண்டி நிற்கிறது.

சரி, பீரோவுக்குப் பின்னால் மட்டும் ஏன்? அந்த வீட்டில் இரவெல்லாம் ஏசி 20 டிகிரியில் ஓடும். சுவரும் சில்லிட்டுப் போயிருக்கும். விடிந்ததும் ஏசியை நிறுத்திவிட்டு, நல்ல காற்று வரட்டும் என்று உடனே ஜன்னலைத் திறப்பார்கள். வெளிக்காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராக மாறும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வேர்க்கிறதே, அதேபோலச் சுவர் வேர்க்கிறது. மற்ற சுவர்களை மின்விசிறி காயவைத்துவிடுகிறது. பீரோவுக்குப் பின்னால் காற்றே போகாது. தினமும் காலையில் அங்கே ஒரு மெல்லிய ஈரம், காய வழியில்லாமல்.

அதனால் அவர்களிடம் முதலில் சொன்னது இதுதான்: ஏசியை 25, 26-இல் வைத்து மின்விசிறியையும் போடுங்கள். காலையில் ஏசியை நிறுத்தியபின் அரை மணி நேரம் மின்விசிறி மட்டும் ஓடட்டும், சுவர் பழைய சூட்டுக்கு வரட்டும், அப்புறம் ஜன்னலைத் திறங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளி வையுங்கள்.

ஏசி வாங்கும்போது பெரிதாக வாங்கினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். 100 சதுர அடி அறைக்கு ஒன்றரை டன் போட்டால் அறை சட்டென்று குளிர்ந்துவிடும், கம்ப்ரசர் நின்றுவிடும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும்.

இன்னொன்று, நம் வீடுகளில் இருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையேதான் சுற்றிச்சுற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் மூடிய சிறிய அறையில் இரண்டு பேர் தூங்கி எழுந்தால் அது 2000-ஐத் தாண்டிவிடும். காலையில் தலை பாரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹாலுக்குப் போகும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

மழை நாளில் வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம், வேறு வழியில்லை. பிழிந்த ஒரு பக்கெட் துணியை ஈரமாக ஒருமுறையும் காய்ந்தபின் ஒருமுறையும் எடை போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தபோது இரண்டு கிலோ வித்தியாசம் வந்தது. அந்த இரண்டு லிட்டரும் அறைக் காற்றில்தான் கலந்தது. படுக்கையறையில் மட்டும் காயப்போடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கும் இடமாகப் பார்த்துக் கொடி கட்டுங்கள்.

மூடிய அறையில் கொசுவர்த்தி கொளுத்துவதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தயவுசெய்து கொசுவலை கட்டுங்கள்.

பூஞ்சையைக் கண்டால் வறட்டுத் துணியால் தட்டிவிடாதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அதன் மேலேயே பெயிண்ட் அடித்தால் ஆறு மாதத்தில் உரிந்துவிடும். நம் பெரியவர்கள் பொங்கலுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், அதாவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது, சுவருக்குள் இருக்கும் ஈரமும் வெளியேற வழி இருக்கும். பிளாஸ்டிக் பெயிண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. எனக்கு இன்னமும் சுண்ணாம்புச் சுவர்மேல்தான் நம்பிக்கை.

அந்த வேளச்சேரி வீட்டுக்குப் பொங்கல் கழித்து மறுபடி போனேன். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மேசையில் வைத்திருந்தார்கள், 61 காட்டியது. பீரோவின் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. மேல்மூலையில் மட்டும் ஒரு கையகலம் இன்னும் ஈரம். அது மேல்வீட்டுக் குளியலறைக் குழாய்க் கசிவு, அவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பையனின் கட்டிலை அதுவரை ஹாலுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

வணக்கம்.