ஒற்றை நாற்காலியும் இரண்டு ஆண்களும்

நண்பர்களே,

பெண்ணை ஓட ஓட விரட்டிக் கொல்வதுதானே திகில் படம், அதில் ஆணாதிக்க விமர்சனம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தமாதிரிப் படங்களுக்காக நான் வாதாட வரவில்லை. 1999-இல் ஜப்பானிய இயக்குநர் தகாஷி மீகே எடுத்த 'ஆடிஷன்' (நடிகர் தேர்வு) என்ற படம் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அவோயாமா நடுவயதுக்காரர். மனைவி இறந்து ஏழு வருடம். மறுமணம் செய்துகொள்ளச் சொல்லி மகனே தூண்டுகிறான். சினிமாக்கார நண்பர் ஒரு யோசனை தருகிறார்: கதாநாயகி தேவை என்று அறிவிப்போம், வருகிற பெண்களில் உனக்குப் பிடித்தவளைப் பார்த்துக்கொள்.

பெரிய அறை. மேசைக்குப் பின்னால் இரண்டு ஆண்கள். எதிரே ஒற்றை நாற்காலி. பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து உட்காருகிறார்கள். அந்தரங்கமான கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறார்கள், தெரிந்த வித்தையைக் காட்டுகிறார்கள். காட்சி வேடிக்கையாக ஓடுகிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. வேலை தேடி வந்தவர்களை மணப்பெண்ணாக எடைபோடுகிறார்கள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவோயாமா கெட்டவர் இல்லை. அன்பான அப்பா, மென்மையான மனிதர். அதனால்தான் நமக்கு உறைப்பதில்லை.

வந்தவர்களில் அசாமி என்ற பெண்ணை, அவளுடைய விண்ணப்பத்தைப் படித்தபோதே அவர் முடிவு செய்துவிட்டார். பாலே நடனத்தை இழந்த துயரத்தை அவள் எழுதியிருந்த விதம் அவரை உருக்கிவிடுகிறது. துயரமும் அடக்கமும் உள்ள பெண், அவருக்கு அது போதும். அவளைப் பற்றி விசாரித்தால் எதுவும் ஒத்துவரவில்லை என்று நண்பர் எச்சரித்தும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அசாமி அவரைச் சித்திரவதை செய்யும் ஊசிகளையும் கம்பியையும்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஆடிஷன் அறைதான் கூடுதல் பயங்கரம். மயக்கத்தில் கிடக்கும் அவோயாமாவின் கனவில், அவர் ஒருமுறை நெருங்கிப் பழகிவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்ட அலுவலகப் பெண் வருகிறாள். அவள் தானாக வரவில்லை, அவருடைய மனசாட்சிதான் அழைத்து வருகிறது.

கடைசியில் பெண்ணைத்தானே அரக்கியாக்கினார்கள் என்ற குறையைப் பாதி ஏற்கிறேன். ஆனால் சிறுவயதில் அசாமிக்குச் சூடு வைத்த ஆணையும் படம் மறைக்கவில்லை. ஆடிஷன் என்று பெண்களை வரவழைத்து, தேறவில்லை என்று சொல்லிவிட்டு, பிறகு உங்கள் ஆசைக்குக் கூப்பிடுகிறீர்கள், எல்லோரும் ஒன்றுதான் என்று அவள் குற்றம் சாட்டுகிறாள். அவர் நினைத்தது கல்யாணத்தைத்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களை வரவழைத்த பொய் அவருடையதுதானே?