கண்ணில் பொறி பட்டால் நரம்பு என்ன செய்கிறது?

[காட்சி: சேலம் செவ்வாய்ப்பேட்டை. கொலுசுப் பட்டறையில் சுழலும் பாலிஷ் சக்கரம்.]

சக்கரத்திலிருந்து ஒரு துகள் தெறித்துக் கண்ணில் விழுகிறது. இமை சட்டென்று மூடிக்கொள்கிறது, நீர் கொட்டுகிறது, சில நிமிடங்களில் கண் சிவக்கிறது. கிருமி எதுவும் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. ரத்த வெள்ளணுக்கள் திரண்டு வரவும் நேரம் போதாது. அப்படியானால் இவ்வளவு சீக்கிரம் சிவக்க வைத்தது யார்? வலியைச் சொல்லும் நரம்புதான்.

[காட்சி: கருவிழியின் குறுக்குவெட்டுப் படம்.]

கருவிழி என்று இங்கே சொல்வது கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் கார்னியாவை. அது நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர்தான் தடிமன். ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் பார்வை மறைக்கும். ஆனால் நம் உடம்பிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஐந்தாம் மண்டை நரம்பான ட்ரைஜெமினலின் மேல்கிளையிலிருந்து வரும் இழைகள் இவை.

ஒரே இழை போகப்போகப் பல கிளைகளாகப் பிரிகிறது. ஒரு நுனியில் எழுந்த மின்துடிப்பு மூளையை நோக்கி ஏறும்போது, வழியில் கவை வந்தால் பக்கத்துக் கிளையிலும் திரும்பி இறங்கிவிடும். மூளையின் உத்தரவுக்கு அது காத்திருப்பதில்லை. அந்த நுனிகளில் சிறு பைகளாக அடைத்து வைத்திருக்கும் பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிகள், அப்போது வெளியே கொட்டுகின்றன. இரண்டு முக்கியம்: 11 அமினோ அமிலம் கோத்த சப்ஸ்டன்ஸ் பி, 37 அமினோ அமிலம் கோத்த சி.ஜி.ஆர்.பி.

(சப்ஸ்டன்ஸ் பி 1931-லேயே கண்டறியப்பட்டது. அந்த 'பி' வலியைக் குறிக்கும் 'பெயின்' இல்லை. ஆய்வகத்தில் எடுத்த தூளுக்கு வைத்த அடையாள எழுத்து.)

சி.ஜி.ஆர்.பி. கருவிழியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியின் ரத்தக் குழாயை விரிக்கிறது: அதுதான் சிவப்பு. சப்ஸ்டன்ஸ் பி குழாய்ச் சுவரைக் கசிய வைக்கிறது: அதுதான் வீக்கம். அடி பலமாக இருந்தால் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீரிலும் புரதம் கசிந்து கலங்கும். டாக்டர் ஸ்லிட் லேம்ப் என்னும் கண் நுண்ணோக்கியின் மெல்லிய வெளிச்சத்தில் தேடுவது அந்தக் கலங்கலைத்தான். முயலின் கண்ணில் சப்ஸ்டன்ஸ் பி பட்டால் கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கும், அதை விரிக்கும் மருந்தான அட்ரோபின் விட்டாலும் விரியாது. மனிதப் பாப்பா அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. முயலில் கண்டதை அப்படியே நம் கண்ணுக்குப் பொருத்தக் கூடாது.

[காட்சி: ஏற்காடு. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி.]

ஏற்காட்டில் காய்ந்த மிளகைப் புடைக்கும்போது தூசி கண்ணில் பட்டால் காயமே இல்லாமல் கண் எரிந்து சிவக்கும். சுமார் 43 டிகிரிச் சூட்டில் திறக்கும் ஒரு கதவு நரம்பு நுனியில் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடும். அதனால் சிவப்பை வைத்துக் காயத்தின் ஆழத்தை அளக்க முடியாது. சுத்தியால் உளியை அடிக்கும்போது கண்ணுக்குள்ளேயே பாய்ந்த இரும்புத் துகள் சில சமயம் அவ்வளவாகச் சிவப்புக் காட்டாது.

இதுவரை சொன்னது பெப்டைடு செய்யும் கலவரம். அதே பெப்டைடுதான் காயத்தையும் ஆற்றுகிறது. கருவிழியின் மேல்தோல் ஐந்தாறு அடுக்குச் செல்கள். சிராய்ப்பு விழுந்தால் ஓரத்துச் செல்கள் தட்டையாகி, பாய் விரிப்பதுபோல நகர்ந்து மூடுகின்றன. சின்னச் சிராய்ப்பு என்றால் ஒன்றிரண்டு நாள் வேலை. செல்கள் நகரத் தூண்டும் சமிக்ஞைகளில் சப்ஸ்டன்ஸ் பி-யும் ஒன்று. நரம்பு போனால் இந்தப் பராமரிப்பும் போய்விடும். முயலின் ட்ரைஜெமினல் நரம்பை வெட்டினால் கருவிழி வெளுத்துக் கெடுவதை பிரெஞ்சு விஞ்ஞானி மஜாண்டி 1824-லேயே பார்த்துவிட்டார்.

[காட்சி: வெல்டிங் பட்டறை, இரவு.]

இனிதான் பெரும்பாலோர் தவறுவது. கண்ணாடி போடாமல் வெல்டிங் பார்த்தவருக்கு வலி உடனே வராது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் மணல் அள்ளிப் போட்டதுபோல் வரும். மரத்துப்போகச் செய்யும் புரோபரகெய்ன் துளி விட்டால் அரை நிமிடத்தில் சுகம். கால் மணி நேரத்தில் வலி திரும்பும், மறுபடி விடத் தோன்றும். டாக்டர் பரிசோதனைக்கு ஒரு முறை விடுவது வேறு, பாட்டிலை வீட்டுக்கு வாங்கி வருவது வேறு. அந்தத் துளி நரம்பை அடக்குவதோடு செல்கள் நகர்வதையும் தடுக்கிறது. உணர்வில்லாத கண்ணில் இமைக்கும் பழக்கமும் குறையும், தேய்த்தாலும் தெரியாது. நாள்கணக்கில் விட்டால் வளையம்போல் புண் படர்ந்து கருவிழியே ஓட்டையாகலாம். வலிக்கு மாத்திரை போடுங்கள்.

தூசி என்றால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். ஆசிட், சுண்ணாம்பு பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடும் முன் அங்கேயே அரை மணி நேரம் கழுவ வேண்டும். ஒட்டிய இரும்புத் துகள் ஒரு நாளைக்குள் துருவளையம் போடும். ஊசியால் நோண்டாமல் டாக்டரிடம் எடுங்கள். உளித்துண்டு உள்ளே போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் கழுவாமல், அழுத்தாமல், ஒரு காகிதக் கோப்பையால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்புங்கள். காபிச் செடியின் இலையோ குச்சியோ கீறினால் ஸ்டீராய்டு துளி பக்கமே போகாதீர்கள். பூஞ்சைப் புண்ணுக்கு அது எரு.

[காட்சி: பஞ்சு நுனியால் கருவிழியைத் தொடும் கை.]

சிவந்தும் வலிக்காத கண் இன்னும் கவலைக்குரியது. அக்கி, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், நெடுநாள் சர்க்கரை ஆகியவை இந்த நரம்பைத் தின்றுவிடும். பஞ்சு நூலால் தொட்டதும் இமைக்காவிட்டால் டாக்டர் அந்தத் திசையில் யோசிப்பார். சொந்த ரத்தச் சீரத்தில் செய்த துளி, இமைகளைப் பாதி தைத்து மூடுவது என்று வைத்தியம் உண்டு. நரம்பு வளர்ச்சிப் புரதமான செனெஜெர்மின் துளிக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துளி, ஒரு நாளைக்கு ஆறு முறை, எட்டு வாரம்.