ஊசிமுனை அளவு எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம். மாதிரி ரயில் டீசல் எஞ்சின் லேசாக முனகினால் போதும், கை உடனே எண்ணெய்ப் புட்டியைத் தேடும். தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எண்ணெய் கூடிப்போய்க் கெடும் எஞ்சின்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

1-க்கு 87, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கான எச்.ஓ. அளவு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். டிகோடர் (கட்டளைகளைப் படித்து எஞ்சினை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) கம்பிகள் இழுபடாமல் மேல்கூட்டைக் கழற்றினால் நடுவே மோட்டார், இருபுறமும் ஓட்டத்தைச் சீராக்கும் கனமான ஃப்ளைவீல், அங்கிருந்து போகிகளுக்கு, அதாவது அடியிலுள்ள சக்கரத் தொகுதிகளுக்கு, சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட். ஒவ்வொரு போகியின் தலையிலும் திருகு வடிவில் ஒரு வார்ம் கியர், அதன் கீழே பிளாஸ்டிக் பற்சக்கரங்கள்.

மோட்டார் தண்டின் இரு முனை, வார்மின் இருபக்கப் பேரிங், அச்சு முனைகள் — இவற்றுக்கு மெல்லிய எண்ணெய். குண்டூசி நுனியில் ஒட்டுவதே போதும். பற்சக்கரங்களுக்குக் கிரீஸ்; வார்மின் புரியில் கொஞ்சம் தடவினால் ஓட ஓட அதுவே கீழே இறங்கிவிடும். இரண்டுமே பிளாஸ்டிக்குக்கு ஏற்றவை என்று புட்டியில் போட்டிருக்க வேண்டும்.

மோட்டாரில் எண்ணெய் மிஞ்சினால் உள்ளே மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்ஷின் தூளோடு குழைந்து, அந்தப் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூடேட்டரின் இடுக்குகளில் கரிச்சேறாக அடைந்துகொள்ளும். மோட்டார் சுடும், ஓட்டம் திக்கும். அச்சில் மிஞ்சினால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் வழியும். மின்சாரம் விட்டுவிட்டு வரும், ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும்.

நெடுநாள் பெட்டியில் கிடந்த எஞ்சினில் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதன் மேல் புதியதைப் பூசிப் பயனில்லை. வார்ம் மூடியை மெல்ல நெம்பினால் பெரும்பாலான எஞ்சின்களில் போகி கையோடு வந்துவிடும். வாஷர்கள் இருந்த வரிசையைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பற்சக்கரங்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக உலர்த்துங்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போகக் கூடாது, பிளாஸ்டிக் இளகிவிடும்.

வார்ம் மாட்டுவதற்கு முன், போகியைச் சாய்த்த கண்ணாடி மேல் வையுங்கள். தானாக உருள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டிக்கென்று தட்டினால், அச்சுப் பற்சக்கரத்தின் இரு பற்களுக்கு நடுவே மயிரிழை போன்ற விரிசலைத் தேடுங்கள். அதற்கு எண்ணெய் மருந்தாகாது, பற்சக்கரத்தையே மாற்ற வேண்டும். வார்ம் மாட்டிய பிறகு இந்தச் சோதனை செய்ய முடியாது. வார்மால் சக்கரத்தைச் சுற்ற முடியும், சக்கரத்தால் வார்மைச் சுற்ற முடியாது. நிற்கும் எஞ்சினைக் கையால் தள்ளக் கூடாது என்பதும் இதனால்தான்.

எல்லாம் பூட்டியபின் பாதி வேகத்தில் இரு திசையிலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கசிந்த எண்ணெய் அப்போது சக்கரத்துக்கு வந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, ஒரு போகி அதன் மேலும் மற்றது வெறும் தண்டவாளத்திலும் இருக்க, எஞ்சினைப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழாமல் போனதும் அடுத்த போகிக்கு மாற்றலாம். நன்றி.