பொழுதுபோக்குக்குப் பிரசவ லீவு கொடுப்பார்களா?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணைமாரே, கோயில் வீதியில் பாய் விரித்து இருந்து கேட்கிற சபையோரே, எல்லோருக்கும் வணக்கம். பெண்பிள்ளைக்கு உதைபந்தாட்டம் வாழ்க்கைத் தொழிலா, பள்ளிக்காலப் பொழுதுபோக்கா என்பது தலைப்பு. தொழில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முதல் பேசிய அண்ணை மூன்று கதை சொன்னார். முப்பது வயதோடு முடிந்துவிடும், முழங்கால் போனால் எல்லாம் போச்சு, பிள்ளை பிறந்தால் யார் சம்பளம் தருவது? நல்ல கைதட்டலும் வாங்கினார். சரி, பார்ப்போம்.

பிரேசிலில் ஃபோர்மிகா என்று ஒரு மத்தியகள வீராங்கனை. 1978இல் பிறந்தவர். அப்போது அங்கே பெண்கள் உதைபந்தாடுவதற்கே சட்டத்தில் தடை; 1941இல் போட்டதை 1979இல்தான் எடுத்தார்கள். பெலேயின் நாட்டிலேயே இந்தக் கதை, நாங்கள் யாழ்ப்பாணத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் 17 வயதில் 1995 உலகக்கிண்ணத்துக்குப் போனார், பிறகு 2019 வரை ஒன்றையும் விடாமல் ஏழு உலகக்கிண்ணம், ஒலிம்பிக்கும் ஏழு. 38 வயதில், எங்கள் வீடுகளில் முழங்காலுக்கு எண்ணெய் பூசத் தொடங்குகிற வயதில், பரிஸ் சென் ஜேர்மன் கழகம் கூப்பிட்டு ஒப்பந்தம் கொடுத்தது. 2021இல் 43 வயதில்தான் நாட்டுக்கு ஆடுவதை நிறுத்தினார்.

எப்படி முடிந்தது? மத்தியகளம் காலால் மட்டும் ஆடுகிற இடமில்லை. அடுத்தமுறை தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டம் பார்க்கப் போனால், பந்தை விட்டுவிட்டு நடுவில் நிற்கிற பிள்ளையின் தலையைப் பாருங்கள். பந்து தன்னிடம் வரமுன்னமே இந்தத் தோளுக்கு மேலால் ஒருக்கா, அந்தத் தோளுக்கு மேலால் ஒருக்கா திரும்பி, யார் நெருக்கி வருகிறார், யார் தனியே நிற்கிறார் என்று கணக்கெடுத்துவிட வேண்டும், பந்து காலுக்கு வந்தபிறகு பார்த்தால் நேரம் போய்விடும். வயது போகக் கால் ஓட்டம் குறையும், அந்தக் கண் குறையாது.

முழங்கால் கதைக்கு வருவோம். பார்சலோனாவின் அலெக்சியா புட்டெயாஸுக்கு 2022 யூலையில், ஐரோப்பியக் கிண்ணம் தொடங்க முதல்நாள், இடது முழங்கால் சவ்வு கிழிந்தது. அடுத்த வருடம் உலகக்கிண்ணம் வென்ற ஸ்பெயின் அணியில் அவரும் ஆடினார். பெரிய கழகம், நல்ல வைத்தியம், அது உண்மைதான். ஆனால் காயம் ஆறும்வரை ஒருவருக்காகக் காத்திருப்பதும் தொழிலில்தான் நடக்கும்.

பிள்ளை பிறந்தால்? ஐஸ்லாந்தின் சாரா பியோர்க், அவரும் மத்தியகளம்தான், கர்ப்பமாக இருந்த காலத்துக்கு லியோன் கழகம் முழுச் சம்பளம் தரவில்லை என்று உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவிடம் போய் 82,000 யூரோவுக்கு மேல் வென்றெடுத்தார். 2021இலிருந்து வீராங்கனைகளுக்குக் குறைந்தது 14 வாரம் சம்பளத்தோடு பிரசவ லீவு என்பது ஃபிஃபா விதி. அண்ணை, பொழுதுபோக்குக்கு யாராவது பிரசவ லீவு கொடுப்பார்களா?

இலங்கையில் இதெல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம். இங்கே பந்தை மட்டும் நம்பி ஒரு பிள்ளை அடுப்பெரிக்க முடியாது. ஆனால் ஓ.எல். பரீட்சை வருடம் வந்தவுடன் சப்பாத்தைப் பறித்துப் பரணில் போட்டுவிட்டு, பின்னேரப் பயிற்சியை வெட்டி ரியூசனுக்கு அனுப்புவது யார்? நாங்கள்தானே. பதினாறு வயதில் நாங்களே நிறுத்திவிட்டு, பதினாறோடு முடிகிற பொழுதுபோக்கு என்று மேடையேறிப் பேசுவது நல்ல நியாயம்!

மணி அடித்துவிட்டது, ஒரு கேள்வியோடு இறங்குகிறேன். 26 வருடம் ஒரே வேலை பார்த்த வாத்தியாருக்கு இந்த ஊரில் சேவைநயப்பு விழா வைத்து, மலர் வெளியிட்டு, பொன்னாடை போர்த்துகிறோம். அதே 26 வருடம் தன் நாட்டுக்கு ஆடிய ஃபோர்மிகா செய்தது மட்டும் என்ன, பொழுதுபோக்கா? அடுத்து வருகிற எதிரணி அண்ணை பதில் சொல்லட்டும்.