கப்பல் டிக்கட்டில் உங்கள் பெயர்

வணக்கம் நேயர்களே.

இன்றைக்குப் பேச வந்தது கப்பல் டிக்கட்டைப் பற்றி. குரூஸ் என்று சொல்கிறோமே, அந்தச் சுற்றுலாக் கப்பலுக்கு முன்பெல்லாம் காகித டிக்கட் ஒரு புத்தகமாகவே தபாலில் வரும். இப்போது எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. மலையகத்தில் இருந்துகொண்டு இதைப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டால், நிறைய இருக்கிறது. கனடாவிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் ஏற டிக்கட் போட்டு அனுப்புகிறார்கள். 2023இல் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்து போனது. அதே வருடம் ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பலும் தொடங்கியது, இடையில் நின்று 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. அதற்கும் இணையத்தில்தான் பதிவு. ஆகவே இது நம் வீட்டு விஷயம்தான்.

என் தொழிலே டிக்கட். கொழும்புக் கோட்டையில் ஒரு பயண முகவர் நிலையத்தில் வேலை பழகினேன், இப்போது ஹட்டனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் விமான டிக்கட் என்றால் தாளின் முதுகில் சிவப்புக் கார்பன் இருக்கும், தொட்ட விரலெல்லாம் சிவப்பு. கப்பல் டிக்கட் வருவது அதைவிட விசேஷம். வழவழப்பான உறை, அதற்குள் நீளவாக்கில் புத்தகம், கப்பல் பெயர், அறை எண், பெட்டியில் கட்டுவதற்கு நாலைந்து அட்டை, குடிவரவுப் படிவம், பின்பக்கங்களில் பொடி எழுத்தில் நிபந்தனைகள். அதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் கைப்பையில் வைக்க மாட்டார்கள், நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொலைந்தால் தீர்ந்தது கதை. தபால் தாமதமானால் இன்னொரு தலைவலி. தோட்டத்து விலாசத்துக்கு வருகிற கடிதம் எத்தனை கை மாறி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

காகிதத்தை முதலில் கைவிட்டது விமானக் கம்பெனிகள்தான். ஐயாட்டா என்கிற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2008 ஜூன் முதலாம் திகதியோடு காகித டிக்கட்டை நிறுத்தியது. காகித டிக்கட் ஒன்றைக் கையாள ஏறத்தாழ 10 டொலர், மின் டிக்கட்டுக்கு 1 டொலர் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. கப்பல் கம்பெனிகளும் ஏறக்குறைய அதே காலத்தில் புத்தகம் அனுப்புவதைக் குறைத்து இணையத்துக்கு மாறின. செலவு மட்டும் காரணமில்லை. கப்பல் புறப்படுவதற்கு முன்பே யார் யார் ஏறுகிறார்கள், கடவுச்சீட்டு எண் என்ன, பிறந்த திகதி என்ன என்று ஒரு முழுப் பட்டியல் துறைமுக அதிகாரிகளுக்குப் போக வேண்டும். பயணி தானே இணையத்தில் நிரப்பிவிட்டால் அந்தப் பட்டியல் தானாகத் தயாராகிவிடும்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். டிக்கட் காகிதத்திலிருந்து போனுக்கு மாறியபோது, முன்பு என்னைப் போல ஒரு ஆள் செய்துகொண்டிருந்த வேலையும் பயணியின் தலையில் வந்து விழுந்தது. பெயரைச் சரிபார்ப்பது, கடவுச்சீட்டுக் காலாவதியாகும் திகதியைப் பார்ப்பது, நிபந்தனையை வாசித்துச் சொல்வது எல்லாமே. இதில் பெயர்தான் மிகப் பெரிய சங்கதி. நம் ஆட்களுக்கு மட்டும் அது இரண்டு மடங்கு பெரிய சங்கதி.

ஏன் என்று கேளுங்கள். நம் பெயர் எப்படி? அப்பாவின் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று நமக்குக் கிடையாது. ஆனால் அந்தப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும், ஒரு பெட்டியைக்கூட வெறுமையாக விட முடியாது. இரண்டாவது, எழுத்து. ராமசாமி என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ‘வை’, அடையாள அட்டையில் ‘ஐ’, பாடசாலைச் சான்றிதழில் நடுவில் ஒரு ‘டபிள்யூ’. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது சர்வ சாதாரணம், பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். காகித டிக்கட் காலத்தில் இப்படி ஒரு எழுத்து மாறியிருந்தால் முகவர் ஒரு போன் போட்டுப் பேசிச் சமாளித்துவிடுவார். இன்றைக்கு உங்கள் கடவுச்சீட்டை இயந்திரம் வாசிக்கிறது, டிக்கட்டையும் இயந்திரமே வாசிக்கிறது. இயந்திரத்துக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொட்டகலைப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும். மகள் கனடாவில். அப்பா அம்மாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து புறப்படுகிற கப்பலில் நாலு நாள் பயணம் போட்டு, டிக்கட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். “தம்பி, இதை ஒரு பிரின்ட் எடுத்துத் தாங்க” என்று இருவரும் கடைக்கு வந்தார்கள். நான் பிரின்ட் எடுத்துவிட்டு, பழக்க தோஷம், கடவுச்சீட்டையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐயாவின் பெயர் சரி. அம்மாவின் டிக்கட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஐயாவின் பெயர். கடவுச்சீட்டிலோ அம்மாவின் அப்பா பெயர். மகள் கனடாவில் எல்லாப் படிவமும் அப்படி நிரப்பிப் பழகியவள், கணவன் பெயர்தானே மனைவிக்கும் என்று போட்டுவிட்டாள்.

அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார், “எங்கப்பா பேருதான் எனக்கு. கல்யாணம் கட்டுனதால அது மாறிப்போகல.” எவ்வளவு சரியான பேச்சு!

சரி, திருத்தலாம் என்று இணையத்துக்குள் போனால் உள்ளே நுழைய ஒரு இரகசிய இலக்கம் கேட்கிறது. அந்த இலக்கம் போவது மகளின் போனுக்கு. இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. பிள்ளை தூங்குகிறாள், வேலைக்குப் போகிற பிள்ளை, எழுப்ப மனமில்லை. ஐயா கடையிலேயே உட்கார்ந்து பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்தார், அம்மா கடைத்தெருவுக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தார், பிளேன்டி வந்தது, மழை வந்தது, மறுபடி பிளேன்டி வந்தது. பின்னேரம் மூன்றரைக்கு மேல்தான் மகள் எழும்பிப் பதில் போட்டாள், பிறகு கப்பல் கம்பெனியோடு பேசித் திருத்தினோம். பயணத்துக்கு இன்னும் வாரக்கணக்கில் நாள் இருந்தபடியால் எழுத்தைத் திருத்திப் புது டிக்கட் அனுப்பினார்கள். இதே விஷயம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில், வரிசையில் நிற்கும்போது தெரியவந்திருந்தால்? அந்த இரண்டு பேரும் யாரிடம் போய்ப் பேசுவார்கள்?

அதனால் சொல்கிறேன்: டிக்கட்டில் பெயர் கடவுச்சீட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறபடியும் வேண்டாம், வங்கிப் புத்தகத்தில் இருக்கிறபடியும் வேண்டாம். கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். டிக்கட் போடுகிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், அப்பா அம்மாவின் கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு படிவத்தில் கை வையுங்கள்.

பெயர் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்த கப்பல் பயணத்தில் கையில் இருந்தது காகிதம்கூட இல்லை, தகரம். 1900களின் ஆரம்பத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க ‘டின் டிக்கட்’ முறையைக் கொண்டுவந்தார்கள். சின்னத் தகர வில்லை. அதில் தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். முகாமில் அந்த வில்லையைப் பார்த்துக் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி நேரே தோட்டத்துக்கு அனுப்புவார்கள், செலவு தோட்டத்துக் கணக்கில் விழும். தூத்துக்குடி வழியாக வந்தவர்களுக்குத் தட்டப்பாறை முகாம், பிறகு மண்டபம் முகாம். 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் தொடங்கியது. அந்த வில்லையில் பெயர் இல்லை. நம் பாட்டன் பாட்டிமார் கடல் கடந்த டிக்கட்டில் அவர்களுடைய பெயர் இல்லை, நேயர்களே.

பிறகு 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். மலைநாட்டு ஸ்டேஷன்களில் அழுகையோடு ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் எத்தனை குடும்பம்! குடும்ப அட்டையில் பெயர் பிழையாக விழுந்து, அங்கே போய் அதைத் திருத்த அலைந்தவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே இன்றைக்கு நம் வீட்டு அம்மா ஒருவர் சந்தோஷத்துக்காகக் கப்பல் ஏறும்போது, அந்த டிக்கட்டில் அவர் பெயர், அவர் அப்பா கொடுத்த பெயர், ஒரு எழுத்தும் பிசகாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்காக அரை நாள் கடையில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை.

சரி, நேரம் ஓடுகிறது. நிபந்தனைக்கு வருகிறேன். கப்பல் டிக்கட் என்பது ஒரு ஒப்பந்தம். அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி கார்னிவல் கம்பெனியின் கப்பலில் போனார்கள், மெக்சிக்கோக் கடலில் அந்தப் பெண்மணி வழுக்கி விழுந்து காயப்பட்டார். தங்கள் ஊரிலேயே வழக்குப் போட்டார்கள். ஆனால் டிக்கட்டின் பொடி எழுத்தில், எந்த வழக்கானாலும் புளோரிடாவில்தான் போட வேண்டும் என்று இருந்தது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது, 7 நீதிபதிகள் ஒரு பக்கம், 2 பேர் மறுபக்கம். மாறுபட்ட ஸ்டீவன்ஸ் என்ற நீதிபதி, எழுத்து எவ்வளவு பொடி என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று டிக்கட்டின் பிரதியையே தன் தீர்ப்போடு இணைத்துவிட்டார். காசு கட்டிய பிறகுதானே டிக்கட் கைக்கு வருகிறது, அதற்கு முன்பு எப்படி வாசிப்பது என்பதும் அவருடைய வாதம்.

இந்த இடத்தில் மின் டிக்கட் காகிதத்தைவிட நல்லது என்பது என் கருத்து. காசு கட்டுவதற்கு முன்பே நிபந்தனை முழுவதும் போனில் திறக்கும், எழுத்தை விரலால் பெரிதாக்கலாம், சந்தேகம் வந்தால் மொழிபெயர்த்தும் பார்க்கலாம். ஆனால் என்ன செய்கிறோம்? ‘சம்மதம்’ என்ற பெட்டியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். முழுவதையும் வாசிக்காவிட்டாலும் மூன்று விஷயம் பாருங்கள். பயணத்தை இரத்துச் செய்தால் எந்தத் திகதி வரை எவ்வளவு காசு திரும்பும், வருத்தம் வந்தால் கப்பல் வைத்தியர் செலவு யாருடையது, கப்பல் ஒரு துறைமுகத்துக்குப் போகாமல் விட்டால் என்ன கிடைக்கும். ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சிம். நிறையப் பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இறங்கினதும் நம் ஊர் சிம்மைக் கழற்றிவிட்டு அந்த ஊர் சிம் போடுவார்கள். இரகசிய இலக்கம் நம் ஊர் சிம்முக்குத்தான் வரும். ஆகவே டிக்கட்டை வீட்டில் இருக்கும்போதே போனுக்குள் இறக்கிவையுங்கள், ஸ்கிரீன்ஷொட் ஒன்றும் எடுத்துவையுங்கள். சிக்னல் இல்லாமலே திறக்கிறதா என்று பார்க்க நமக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை, தோட்டத்தில் எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் சிக்னல் போய்விடும், அங்கே நின்று திறந்து பாருங்கள். நடுக்கடலில் கப்பலுக்குள் தெரிகிற சிக்னல் செய்மதி வழியாக வருவது, தெரியாமல் ஒரு அழைப்பு எடுத்தாலும் கட்டணம் ஏறிவிடும். ஏறினதும் போனை விமானப் பயண முறையில் போட்டுவிடுங்கள்.

காகிதத்தில் ஒரு பிரதியும் கட்டாயம் வேண்டும். எல்லாம் போனில் இருக்க இது எதற்கு என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். பற்றரி இறங்கினால்? போன் மகனின் கையில், மகன் வேறு வரிசையில் என்றால்? எழுபது வயது அம்மாவின் கையில் அவர் பெயர் எழுதிய ஒரு தாள் இருந்தால், பாஷை தெரியாத இடத்திலும் அதை நீட்டிக்காட்டுவார். கப்பல் கம்பெனிகளுக்கும் முகவர்களுக்கும் இந்த வானொலி வழியாகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: போன் இல்லாதவர் வந்து ஒரு மனிதரிடம் பேசுகிற ஒரு மேசையை விட்டுவையுங்கள். மின் டிக்கட் வரட்டும், வந்தது நல்லதுதான், அந்த மேசையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார். காங்கேசன்துறைக் கப்பலைப் பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன், முடியாது போல இருக்கிறது. இந்தியாவுக்கு விசா தனியாக எடுக்க வேண்டும், டிக்கட் இருந்தால் போதும் என்று நினைத்துத் துறைமுகம் வரை போய்விடாதீர்கள், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டி அட்டை: முன்பு டிக்கட் புத்தகத்தோடு வந்தது, இப்போது நாமே பிரின்ட் எடுத்து, மடித்து, கைப்பிடியைச் சுற்றி ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மை கரைந்து அறை எண் அழிந்துவிடும், பெட்டி கப்பலுக்குள் எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும். மருந்தையும் கடவுச்சீட்டையும் அந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள், அது உங்கள் அறைக்கு வந்து சேரப் பின்னேரம் ஆகும். வணக்கம்.